காகிதத்துல கண்ணைத் தொறந்தது யாரு?

பேய், காத்துக்கறுப்புன்னு எவனாவது பேச்சை ஆரம்பிச்சா எனக்கு மொதல்ல பயம் வராது, எரிச்சல்தான் வரும். நான் வயரிங் வேலை பாத்தவன். அஞ்சாம் கிளாஸோட படிப்பை விட்டுட்டு, புதுக்கோட்டை டவுன்ல ஒரு வயர்மேனுக்கு ஏணி தூக்கப் போயி அப்படியே தொழிலைக் கத்துக்கிட்டவன். ஆலங்குடி ரோட்டுல ஒரு ரைஸ்மில்லுல லைட்டு தானா எரிஞ்சு தானா அணையுது, செத்துப்போன மொதலாளிதான் வந்து சுவிட்சைப் போடுறார்னு கோடாங்கியைக் கூப்பிட்டுச் சேவல் அறுத்தாங்க, நான் போயி சுவிட்சைக் கழட்டினா உள்ள ஒரு பல்லி கருகி ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, அதைச் சுரண்டிப் போட்டதோட மொதலாளி வர்றதும் நின்னுபோச்சு. இந்த மாதிரி எங்கிட்ட பத்து இருக்கு. அதனால நான் இப்பச் சொல்லப் போறதுக்கு நீங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது. உங்க எடத்துல நான் இருந்தா நானும் சிரிப்பேன். ஆனா இது ராத்திரியில நடந்ததில்லை, சுடுகாட்டுல நடந்ததில்லை. பட்டப்பகல் பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரியில, படிச்ச டாக்டர் ஒருத்தர் பக்கத்துல நிக்கையில நடந்துச்சு. காகிதத்துல பதிவாகியும் போச்சு. அதுதான் என் தலைவேதனையே.

அறுபதுகளோட நடுவுல. அப்ப நம்ம ஊரு தனி ஜில்லா ஆகலை. எங்க அக்கா பாக்கியத்தை ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துல கட்டிக் குடுத்திருந்தோம். மச்சான் பேரு ராமையா. கடலை போடுற குடியானவர். நல்ல மனுஷன்தான், ஆனா ஒருத்தர் சொன்ன பேச்சைக் கேக்கறதுங்கிறது அவர் ஜாதகத்துலயே கெடையாது. கெணத்துக்குக் கரண்டு மோட்டார் வாங்கினப்ப நான்தான் போயி லைன் இழுத்து, ஸ்டார்ட்டர் மாட்டி, கசியுற கரண்டு மண்ணுக்குள்ள எறங்கிப் போக எர்த்துக்குக் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி, அதுல இருந்து ஸ்டார்ட்டருக்குத் தாமிரக் கம்பி இழுத்துக் கட்டினேன். "மச்சான், இந்தக் கம்பிதான் ஒங்க உசுரு, இதுல கை வச்சிராதீங்க"ன்னு மூணு தடவை சொன்னேன். சரி மாப்ளே சரி மாப்ளேன்னு தலையாட்டினார். வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் இல்லை. என் சுபாவம் அப்படி. எங்க வேலை பாத்துட்டு வந்தாலும் ஏதோ ஒரு ஸ்க்ரூவை லூசா விட்டுட்டோம்னு தோணிக்கிட்டே இருக்கும், மறுநாள் ஏதாச்சும் சாக்குச் சொல்லிட்டுப் போயித் தொட்டுப் பாத்துட்டு வந்தாத்தான் சோறு எறங்கும். என் பொஞ்சாதி என்னை "தொட்டுப் பாக்குற சாமி"ம்பா.

அப்படி ஒரு காலையில சாக்குச் சொல்லிட்டு நான் அங்க போயிருந்தப்பதான் நடந்துச்சு. நான் வரப்புல வாரேன், மச்சான் ஈரக் காலோட போயி ஸ்டார்ட்டர் பொட்டியில கையை வச்சார். ஒரு சத்தம் இல்லை. அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னார். ஓடிப் போயி மெயினை நான் எறக்கினதும் மரம் மாதிரி சாஞ்சார். மூச்சு இல்லை, நாடி இல்லை. கரண்டு ஆபீஸ் சுவத்துல ஒரு படம் மாட்டியிருப்பாங்க, ஷாக் அடிச்சவனைக் குப்புறப் போட்டு முதுகை எப்படி அமுக்கணும்னு. அதைப் பண்ணினேன். ஒண்ணும் நடக்கலை. திருப்பித் திருப்பிப் பண்ணினேன். அப்புறம் எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம், அவரைப் பொரட்டிப் போட்டு, "அக்காவுக்கு நான் என்னய்யா பதில் சொல்லுவேன்"னு கத்திக்கிட்டே ரெண்டு கையையும் சேத்து நெஞ்சு மேல ஓங்கி ஒரு குத்து விட்டேன். வைத்தியம்னு நெனச்சுப் பண்ணலை, சத்தியமா கோவத்துலதான் குத்தினேன். க்கும்னு ஒரு சத்தம். நாடி வந்துச்சு. கொஞ்ச நேரத்துல மூச்சும் வந்துச்சு. ஆள்தான் வரலை.

அவரைத் தூக்கிக் காருல போடுறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரைப் பாத்தேன். எர்த் கம்பியைக் காணோம். பக்கத்துல புடலங்காய்ப் பந்தல், அதோட குறுக்குக் கழியில தாமிரக் கம்பி சுத்திச் சுத்திக் கட்டி வெயில்ல மினுக்குது. யாரு அறுத்துக் கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா. ஆனா சொல்ல முடியுமா? மச்சானோட பெரியப்பா ஒருத்தர், சொக்கலிங்கம்னு பேரு, அந்தக் குடும்பத்துல எல்லாமே அவர் வச்சதுதான் சட்டம். வாயைத் தொறந்தேன், "ஏப்பா வயர்மேனு, நீ பாத்த வேலையில ஒருத்தன் கட்டையா விழுந்து கெடக்கான், பேச முடியாம கெடக்கிறவன் மேல பழியைப் போடுறியா"ன்னார். அவ்வளவுதான். மச்சான் எந்திரிச்சு அவர் வாயால சொன்னாத்தான் உண்டு. அவர் போயிட்டா அக்கா தாலியறுத்ததுக்கு நான்தான் காரணம்னு சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. அக்காவே சொல்லுவா.

டவுன்ல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அதுல சேத்தோம். ரெண்டு நாள் ஆச்சு. நெஞ்சு நல்லாத் துடிக்குது, மூச்சு ஓடுது, ஊசியால குத்தினாலும் கண்ணு தொறக்கலை. அங்க இருந்த டாக்டர், "நெனவு வந்தா உண்டு"ன்னார். வருமான்னு கேட்டா, "வந்தா வரும்"ங்கிறார். இதைச் சொல்றதுக்கு இவ்வளவு படிப்பான்னு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அப்பத்தான் எனக்கு அந்த மெஷின் ஞாபகம் வந்துச்சு. வலிப்பு வர்றவங்களைப் பரிசோதிக்கிறதுக்குன்னு வெளியூர்ல இருந்து ஒரு டாக்டர் அந்த மாசம் அங்க முகாம் போட்டிருந்தார். சின்ன வயசுதான், வெளிநாடு போயிட்டு வந்தவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு பழைய கட்டடத்துல மெஷினை எறக்கியிருந்தார். அது மூளையில ஓடுற ஓட்டத்தை அப்படியே காகிதத்துல எழுதும். அதுக்கு எர்த் போட்டதும், சுத்து வட்டார கரண்டு உள்ள பூராம இருக்கக் கட்டிலைச் சுத்திக் கம்பிவலைக் கூண்டு கட்டினதும் நான்தான். வேற வலை கெடைக்கலைன்னு கோழிக்கூண்டு வலையை வாங்கிக் கட்டினேன், அதுக்கே டாக்டர் சந்தோசப்பட்டார். தலையில பத்துப் பதினஞ்சு கம்பியை ஒட்டுவாங்க, அதெல்லாம் கட்டிலுக்குக் கீழ ஒரு சின்னப் பொட்டியில வந்து சேரும், அந்தப் பொட்டியில ஒரு தடிச்ச கேபிளைச் சொருகினா அது வலைக்கு வெளிய இருக்கிற மெஷினுக்குப் போகும். அங்க எட்டுப் பேனா, ஓடுற காகிதம். அந்தக் காகிதத்தைப் பாத்துக்கிட்டு, யாரு இருமினா, யாரு அசைஞ்சான்னு பென்சிலால ஓரத்துல எழுதிக்கிட்டே இருக்கிறதுக்கு ஆவூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தரை வச்சிருந்தார். அருளப்பன். அவர் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

கூண்டு கட்டினப்ப அருளப்பன்தான் எனக்கு ஒண்ணு வெளக்கினார். "நல்லா இருக்கிற மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு சும்மா இருந்தா பின்மண்டையில இருந்து அலை வரிசையா வரும், சீப்புப் பல்லு மாதிரி. கண்ணைத் தொறக்கச் சொன்னா டக்குனு நின்னுரும். மறுபடி மூடினா மறுபடி வரும்." என்னையே உக்கார வச்சுக் காட்டினார். எனக்கு நல்லா வந்துச்சு. வீட்டுல சொன்னா, "ஒங்களுக்கு மூளை இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்களாக்கும்"னா என் பொஞ்சாதி.

அந்த டாக்டர் கால்ல விழாத கொறையா கேட்டேன். சரின்னார். மூணாம் நாள் காலையில மச்சானைத் தூக்கிட்டுப் போயிக் கூண்டுக்குள்ள படுக்க வச்சு எழுதினாங்க. எட்டுப் பேனாவும் கோடு போட்ட நோட்டு மாதிரி நேரா ஓடுச்சு. எங்கயாச்சும் ஒரு சின்ன மேடு, அப்புறம் மறுபடி தரை. டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இதயம் நின்னு திரும்பினவங்களுக்கு மூளை எழுந்திருக்குமா இல்லையான்னு இந்தக் காகிதம் ஓரளவு சொல்லும். இப்படி வந்தவங்க யாரும் எழுந்திரிச்சு நான் பாக்கலை. நாளைக்கு இன்னொரு தரம் எடுக்கிறேன். அதுவும் இப்படியே இருந்தா…" அதுக்கு மேல அவர் சொல்லலை. சொல்லவும் வேண்டியதில்லை, பெரியப்பா பக்கத்துலயே நின்னார்.

உங்களுக்குத் தெரியாததில்லை, நம்ம பக்கத்துல வெளிய செத்த ஒடம்பை வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டாங்க. அதோட இது கரண்டு அடிச்ச கேசு, ஆஸ்பத்திரியில உசுரு போனா அறுத்துத்தான் குடுப்பாங்க. அதனால உசுரு இருக்கையிலேயே வீடு போய்ச் சேந்து, சொந்தக்காரங்க கையால ஒரு வாய் பால் வாங்கிக்கிட்டுப் போறதுதான் மரியாதைன்னு அவர் முடிவு பண்ணிட்டார். சாயங்காலமே கூட்டிட்டுப் போயிரலாம்னு ஒரு செம்புல பாலோட வந்துட்டார். வேட்டி முடிச்சுல மச்சானோட கெணத்தடி மண்ணு ஒரு பிடி. இழுத்துக்கிட்டுக் கெடந்தா மண்ணாசை விடலைன்னு அர்த்தம், பால்ல கரைச்சு ஊத்தினா விட்டுரும்.

"மாமா, முழுங்கத் தெரியாதவருக்குப் பாலை ஊத்தினா மூச்சுக்கொழாயில போயிரும், அதுலயே செத்துருவாரு"ன்னேன்.

"அதுக்குத்தானப்பா ஊத்துறது"ன்னார். நெசமாவே அப்படித்தான் சொன்னார். நல்லவேளை நர்சம்மா வந்து, "பெரியவரே, செம்பை எடுத்துக்கிட்டு வெளிய போறீங்களா, போலீசைக் கூப்பிடவா"ன்னு சத்தம் போட்டாங்க. போறப்ப அவர், "நாளைக்கு அந்தக் காகிதம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், மத்தியானம் காரு வருது"ன்னுட்டுப் போனார். அக்கா வாயே தொறக்கலை. மச்சான் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

மறுநாள் பதினோரு மணி. நான் காலையிலயே எர்த் குழிக்கு நாலு கொடம் தண்ணி ஊத்தி வச்சிருந்தேன். மச்சான் தலையில கம்பியெல்லாம் ஒட்டியாச்சு. டாக்டர் அக்காவையும் கூண்டுக்குள்ள வரச் சொன்னார், பழகின குரல் கேட்டா ஏதாச்சும் தெரியுதான்னு பாக்க. நான் அக்காவுக்குப் பின்னால நின்னேன். வெளிய டாக்டரும் அருளப்பனும் மெஷின்கிட்ட. பேனா ஓட ஆரம்பிச்சதும், "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா"ன்னார் டாக்டர்.

அக்கா பதறிப் போயிட்டா. "அய்யய்யோ, அவுக பேரை நான் எப்படிங்க சொல்லுவேன்?"

"அவர் உயிரே போகப் போகுதும்மா, பேரைச் சொல்றதுக்கு என்ன?"

"பேரைச் சொன்னா ஆயுசு கொறையுமுங்க."

டாக்டர் தலையில கையை வச்சுக்கிட்டார். எனக்கும் அப்படியே கூண்டை ஒடச்சுக்கிட்டு ஓடிரலாம்னு இருந்துச்சு. கடைசியில, "எப்படியாவது கூப்பிடுங்க"ன்னுட்டார். அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, குனிஞ்சு, "ஏங்க… ஏங்க…"ன்னா.

பேனா சத்தம் மாறுச்சு. அதுவரைக்கும் சும்மா சர்ருனு இழுத்துக்கிட்டிருந்தது கரகரன்னு ஆச்சு. வலை வழியா எட்டிப் பாத்தா, காகிதத்துல சீப்புப் பல்லு. வரிசை வரிசையா, அவ்வளவு அழகா. அருளப்பன் வாயைப் பொளந்துட்டார். டாக்டர் கிட்டத்தட்டக் கத்தினார். "கண்ணைத் தொறக்கச் சொல்லுங்கம்மா!"

"ஏங்க, கண்ணைத் தொறங்க."

டக்குனு நின்னுச்சு. மச்சான் மொகத்தைப் பாத்தேன், இமை அசையலை. ஆனா காகிதத்துல நின்னுபோச்சு.

"மூடச் சொல்லுங்க."

"ஏங்க, கண்ணை மூடிக்கங்க."

கரகரன்னு மறுபடி வந்துச்சு. இப்படியே தொறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, நாலு தரம். நாலு தரமும் சொன்னபடி. டாக்டர் கண்ணுல தண்ணி. "இமைதான் தூங்குது, உள்ள முழிச்சிட்டார், உங்க பேச்சு கேக்குதும்மா, இவர் எழுந்திரிச்சிருவார்"ங்கிறார். அக்கா கட்டில் சட்டத்துல மொட்டு மொட்டுன்னு தலையை மோதிக்கிட்டு அழுறா.

இந்த நேரத்துல எவனாச்சும் கம்பி கரெக்டா இருக்கான்னு பாப்பானா? நான் பாத்தேன். சுபாவம். எல்லாம் இவ்வளவு நல்லா நடக்குதே, எங்கயாச்சும் லூசா இருந்து பாதியில விட்டுருமோன்னு ஒரு பதைப்பு. மெதுவா குனிஞ்சு கட்டிலுக்குக் கீழ இருக்கிற பொட்டியைப் பாத்தேன்.

கேபிள் பொட்டியில சொருகியே இல்லை. பிளக்கு கழண்டு, அக்கா சேலை மடிப்புக்குப் பக்கத்துல தரையில கெடந்துச்சு. மச்சான் தலையில இருந்து வந்த கம்பியெல்லாம் பொட்டியோட நின்னுபோச்சு. பொட்டிக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை.

எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேனோ. கை தானா போயி பிளக்கை எடுத்துப் பொட்டியில சொருகிருச்சு. தொழில் செஞ்ச கை, கழண்டு கெடந்தா சொருகத்தான் செய்யும். பேனா எட்டும் ஒரு தரம் எகிறி விழுந்துச்சு. நிமிந்து பாத்தா நேத்து மாதிரியே தரை. நேர் கோடு.

"என்ன ஆச்சு? என்னய்யா பண்ணினே?"ன்னார் டாக்டர்.

வெளிய சன்னலுக்கு அங்கிட்டு பெரியப்பா நிக்கிறார், கையில செம்பு. நான் டாக்டரைப் பாத்தேன், அக்காவைப் பாத்தேன். அக்கா என்னைப் பாத்த பார்வையை நான் யாருக்கும் வரக்கூடாதும்பேன்.

"ஒண்ணும் பண்ணலை சார், கால் தடுக்கிருச்சு"ன்னேன்.

அதுக்கப்புறம் கால் மணி நேரம் எழுதினாங்க, ஒண்ணும் வரலை. டாக்டர், "களைச்சுட்டார், பரவாயில்லை, இவ்வளவு வந்ததே போதும்"னுட்டார். வெளிய வந்து பெரியப்பாகிட்டக் காகிதத்தையே விரிச்சுக் காட்டி, "இவரைக் கொண்டுபோனீங்கன்னா கொலை பண்றீங்கன்னு அர்த்தம்"னு சொல்லிட்டார். பெரியப்பா காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "காரு வந்து நிக்குதே"ன்னார். காரு நின்னா நிக்கட்டும்னு மொத தடவையா அவருக்கு எதுரா அக்கா வாயைத் தொறந்தா. "அவுக எந்திரிச்சு நடந்து வந்து ஏறுவாக, அப்ப வரச் சொல்லுங்க மாமா"ன்னா.

அன்னைக்குச் சாயங்காலம் அக்காவைக் கொழாயடிக்குத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டேன்.

"அக்கா, பிளக்கைப் புடுங்கினது நீதானே?"

"ஆமாடா."

"ஏன்க்கா?"

"ஏற்கனவே கரண்டுல வெந்த ஒடம்புடா அது. மறுபடியும் தலையில கம்பியை வச்சு கரண்டு விட்டா பொறுக்குமா? மொத நாளே புடுங்கியிருப்பேன், உள்ள விடலை. இன்னைக்கு உள்ள விட்டாகளா, உக்காந்ததுமே புடுங்கிட்டேன்."

"அது கரண்டு விடுற மெஷின் இல்லைக்கா, எடுக்கிற மெஷின்! சரி, புடுங்கிட்டே. அப்புறம் அங்க எழுதினது யாரு?"

"யாரா? அவுகதான். நான் கூப்பிட்டேன், அவுக கேட்டாக. டாக்டரே சொல்லிட்டாரே."

"கம்பியே இல்லாம எப்படிக்கா கேக்கும்?"

"நான் கூப்பிட்டா அவுகளுக்குக் கேக்க கம்பி எதுக்குடா? போடா, போயி அவுக தலையில ஒட்டின பசையைக் கழுவணும், சுடுதண்ணி வாங்கிட்டு வா."

இவகிட்ட நான் என்னத்தைப் பேசறது. வாங்கிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லிரலாம்னு டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் ரெண்டு தரம் போனேன். சொன்னா அந்தக் காகிதம் செல்லாது, நேர்கோடுதான் நெசம், மறுநாள் காரு, செம்பு, கெணத்தடி மண்ணு. சொல்லாட்டி, இல்லாத நம்பிக்கையைக் குடுத்து ஒரு பொம்பளையை ஏமாத்தினவன் நான். ரெண்டு தரமும் வாசல்ல நின்னு செருப்பைப் போட்டுக்கிட்டுத் திரும்பிட்டேன். மூக்குல குழாய் விட்டு கஞ்சித்தண்ணி ஊத்துனாங்க, பொரட்டிப் பொரட்டிப் படுக்க வச்சாங்க, அந்தக் காகிதத்தை நம்பி ராப்பகலா அவ்வளவு பாத்தாங்க. காகிதம் இல்லைன்னா அதுல பாதிகூட நடந்திருக்காது. பெரியப்பா தெனம் வந்து, "இன்னும் இருக்கானா"ன்னு கேட்டுட்டுப் போவார். கேக்கிற கேள்வியைப் பாருங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலையில, அக்கா மொகம் தொடச்சுவிடுறப்ப, மச்சான் கண்ணைத் தொறந்தார். சுத்திப் பாத்தார். என்னைப் பாத்து, குழறிக் குழறி, மொதோ வார்த்தை என்ன சொன்னார் தெரியுமா? "மோட்டாரை நிப்பாட்டினியா?" எனக்கு அழுகையும் வந்துச்சு, அவரை அங்கயே நாலு சாத்து சாத்தணும்னும் இருந்துச்சு. பேச்சு தெளிஞ்சதும் மொத வேலையா எல்லாரையும் வச்சுக்கிட்டு எர்த் கம்பியைப் பத்திக் கேட்டேன். "ஆமா, நான்தான் அறுத்தேன். சும்மாதானே தொங்குச்சு, பந்தலுக்கு நல்ல கம்பியா இருந்துச்சு"ன்னார், கூச்சமே இல்லாம. பெரியப்பா தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, காப்பி சாப்பிடப் போறேன்னு எந்திரிச்சுப் போயிட்டார். அவ்வளவுதான் எனக்குக் கெடைச்ச நீதி.

கூண்டுக்குள்ள எதாச்சும் கேட்டுச்சா, யாராச்சும் கூப்பிட்டாங்களான்னு மச்சான்கிட்ட எத்தனையோ தரம் கேட்டிருக்கேன். ஒண்ணும் தெரியாதுன்னார். மோட்டார்ல கை வச்சது, அப்புறம் அக்கா மொகம் தொடச்சது, நடுவுல வெறும் இதுன்னு கையை விரிப்பார்.

இத்தோட விட்டிருந்தா நான் ஏதாச்சும் ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். ஆனா நாலு மாசம் கழிச்சு அந்த டாக்டர் மறுபடி முகாமுக்கு வந்தார். தப்பிச்ச ஆளோட காகிதம் ஒண்ணு வேணும், பழசோட சேத்து வைக்கணும்னு சொல்லி விட்டார். மச்சானைக் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை பிளக்கை நானே சொருகி மூணு தரம் தொட்டுப் பாத்தேன். மச்சான் காலை ஆட்டிக்கிட்டே படுத்திருந்தார். எழுதி முடிச்சதும் டாக்டர் காகிதத்தை ரெண்டு தரம் புரட்டிப் பாத்தார். அப்புறம் மச்சானை வெளிய அனுப்பிட்டு, ரெண்டு காகிதத்தையும் மேசையில பக்கத்துல பக்கத்துல விரிச்சார்.

"மூளை நல்லா இருக்கு. ஆனா இவருக்கு அந்த சீப்புப் பல்லு அலையே கெடையாது. கண்ணை மூடினாலும் வரலை, தொறந்தாலும் மாறலை. சில பேருக்குப் பொறவியிலயே அப்படி. அப்ப இது யாரோடது?"

அதுக்கு மேல என்னால அடக்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன், அக்கா புடுங்கினது, நான் குனிஞ்சது, சொருகினது. அவர் மொகம் செவந்துச்சு. "ஏன்யா அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா பாலை ஊத்தியிருப்பாங்க சார்."

அவர் பழைய காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, "வெறும் கேபிளு, வெளியில இருந்து ஏதாச்சும் கரண்டைப் புடிச்சிருக்கும்"னார்.

"கரண்டுக்குத் தமிழ் தெரியுமா சார்? தொறங்கன்னா நின்னுச்சு, மூடுங்கன்னா ஓடுச்சு."

எனக்கு அப்ப ஒண்ணு ஒறைச்சுச்சு. அக்கா மச்சான் பேரைச் சொல்லவே இல்லை. கடைசி வரைக்கும் "ஏங்க"தான். அந்த ஆஸ்பத்திரியில அதுக்கு முன்னாடி எத்தனை பேரு படுத்தாங்களோ, எத்தனை பேரு போனாங்களோ. "ஏங்க"ன்னு ஒரு பொம்பளை அழுது கூப்பிட்டா, பேரும் சொல்லாம, யாரு வேணும்னாலும் திரும்பிப் பாக்கலாமில்ல?

இதை டாக்டர்கிட்டச் சொல்லலை. சொன்னா என்னையும் படுக்க வச்சு எழுதியிருப்பார்.

அவர் ஒரு ஸ்கேலை எடுத்து வச்சு, அருளப்பனோட பென்சில் குறிப்பை ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு வந்தார். "திறக்கச் சொன்னார்", "மூடச் சொன்னார்", "திறக்கச் சொன்னார்", "மூடச் சொன்னார்". நாலு ஜோடி. திரும்ப எண்ணினார். ஸ்கேலை நகத்தி இன்னொரு தரம் எண்ணினார். அப்புறம் ஒரு எடத்துல விரலை வச்சு, "இங்க பாரு"ன்னார்.

நாலாவது தரம் மூடச் சொன்னப்ப வந்த அலை வரிசையா போயிக்கிட்டு இருக்கு. அப்புறம் டக்குனு நின்னிருக்கு. தொறந்த மாதிரி. நான் பிளக்கைச் சொருகினதாலதான் அது நின்னுச்சுன்னு அன்னைக்கு நெனச்சிருந்தேன். இல்லை. சொருகினப்ப பேனா எகிறின எடம் ஒரு சாண் தள்ளி இருக்கு. அக்கா அப்ப அழுதுக்கிட்டு இருந்தா, யாரும் ஒண்ணும் சொல்லலை. அலை நின்ன அந்த எடத்துக்கு நேர் கீழ, அந்த அச்சடிச்ச கையெழுத்துல அருளப்பன் ரெண்டே வார்த்தை எழுதியிருந்தார்.

"வயர்மேன் குனிந்தார்."

டாக்டர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன். அவர் காகிதத்தைச் சுருட்டி ரப்பரை மாட்டிப் பொட்டியில வச்சுட்டார். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசிக்கலை. மச்சான் அதுக்கு மேல இருபது வருஷத்துக்கு மேல நல்லா இருந்து, பேரப்புள்ளைகளைப் பாத்து, தூக்கத்துல போனார். எங்க அக்காவைக் கேட்டா இன்னைக்கும் அது அவுகதான்னு அடிச்சுச் சொல்லுவா.

நான் அவகிட்டச் சண்டைக்குப் போறதில்லை. ஆனா அந்த ஒரு சாண் காகிதம் என் கண்ணுலயே நிக்குது. நான் குனிஞ்சதும் அது கண்ணைத் தொறந்துச்சு. அதுக்கப்புறம் நான் கேபிளைச் சொருகிட்டேன், அதுக்கு மேல எழுதினதெல்லாம் மச்சானோட நேர்கோடு. தொறந்த கண்ணை அது மறுபடி மூடினதுக்கு அந்தக் காகிதத்துல எங்கயும் அடையாளம் இல்லை.